ஆசியான் கோப்பைக் குழு ஆட்டங்களைக் காலண்டர் தாளில் கணக்கு வைத்துப் பார்ப்பது எப்படி

கோப்பைக் காலம் வந்துவிட்டால், கோலாலம்பூர்ச் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் லிப்டுக்காக நிற்கும்போதே கேள்வி வந்துவிடும்: "அக்கா, நாம இன்னும் உள்ளதானே இருக்கோம்?" கேட்பவர்களுக்கு என்னைவிடக் காற்பந்து நன்றாகத் தெரியும். யார் எந்த இடத்தில் ஆடுவார், யாருக்கு முட்டி வலி என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். புள்ளிக் கணக்கு என்று வந்தால் மட்டும் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நான் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று புரியவே எனக்கு ரொம்ப நாளாயிற்று. ஆனால் குழு ஆட்டம் என்பது பாதி மைதானத்தில் நடக்கிறது, பாதி தாளில் நடக்கிறது. அந்தத் தாள் பாதியை எப்படிப் பார்ப்பது என்று எழுதிவைத்துவிட்டால் இனி லிப்டில் நிம்மதியாக ஏறலாம்.

முதலில் அமைப்பு

தென்கிழக்காசிய நாடுகளுக்கான இந்தக் கோப்பை 1996-இல் சிங்கப்பூரில் டைகர் கோப்பை என்ற பேரில் தொடங்கியது. விளம்பரதாரர் மாற மாறப் பேரும் மாறியது. சுசுகி கோப்பை ஆனது, அப்புறம் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் கோப்பை ஆனது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் டைகர் கோப்பை என்றுதான் சொல்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் கோப்பை ஒன்றுதான்.

2018-இல் இருந்து பத்து அணிகள், ஐந்து ஐந்தாக இரண்டு குழு. ஒரு அணி தன் குழுவில் உள்ள மற்ற நாலு அணிகளோடும் ஆளுக்கு ஒரு முறை மோதும். இரண்டு ஆட்டம் சொந்த மண்ணில், இரண்டு வெளியே. 2020-ஆம் ஆண்டுக் கோப்பை மட்டும் கோவிட்டால் தள்ளிப்போய், 2021 டிசம்பரில் தொடங்கி 2022 ஜனவரி 1 வரை முழுக்க முழுக்கச் சிங்கப்பூரிலேயே நடந்தது. வென்றால் 3 புள்ளி, சமநிலை என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. குழுவில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள்.

ஐந்து அணி என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அணி ஆடாமல் உட்கார்ந்திருக்கும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் பதறுகிறார்கள், அல்லது தேவையில்லாமல் குதிக்கிறார்கள். 2024-இல் மலேசியா மூன்று ஆட்டம் முடித்து 4 புள்ளியோடு நின்றபோது, தாய்லாந்தும் சிங்கப்பூரும் இரண்டே ஆட்டத்தில் ஆளுக்கு 6 புள்ளி வைத்திருந்தன. "ரெண்டு புள்ளிதானே வித்தியாசம்" என்றார் எங்கள் அத்தான். வித்தியாசம் இரண்டு புள்ளி இல்லை, இரண்டு புள்ளியும் ஒரு முழு ஆட்டமும். அட்டவணையில் புள்ளியைப் பார்க்கும் முன் 'ஆட்டம்' என்ற கட்டத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

தாளில் கோடு போடுவது

நகைக்கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர் இருக்கிறதல்லவா, அதில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் என் அட்டவணை. தாள் தடிமனாக இருக்கும், எழுதினால் மை ஊறாது, பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைக்கலாம். போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நம்மைக் கேட்கமாட்டார்கள்.

கட்டங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: அணி, ஆட்டம், வெற்றி, சமநிலை, தோல்வி, போட்ட கோல், வாங்கிய கோல், வித்தியாசம், புள்ளி. கடைசியில் நான் இன்னொரு கட்டம் சேர்ப்பேன். அதற்கு 'மிச்சம்' என்று பேர். அந்த அணி இனி யாரோடு, எங்கே ஆடவேண்டும் என்று அதில் எழுதுவேன். போனில் தட்டினால் அட்டவணை வருகிறதே, எதற்கு இந்தப் பாடு என்று என் அக்கா மகன் கேட்பான். போனில் வருவது இதுவரை நடந்தது. நமக்கு வேண்டியது இனிமேல் நடக்கக்கூடியது. 'மிச்சம்' கட்டம் இல்லாத அட்டவணையை வைத்துக்கொண்டு ஒருவர் "கன்ஃபர்ம் உள்ளே" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு சுற்று முடிந்ததும் பழைய எண்ணை அழிக்காமல், கீழே புது அட்டவணையாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒரு சரிபார்ப்பு. குழுவில் எல்லா அணிகளும் போட்ட கோலைக் கூட்டுங்கள், எல்லா அணிகளும் வாங்கிய கோலைக் கூட்டுங்கள். இரண்டும் சமமாக வரவேண்டும், ஏனென்றால் ஒருவர் போட்டதை இன்னொருவர் வாங்கித்தானே ஆகவேண்டும். 2024-இல் நம் குழுவின் கடைசிக் கணக்கைப் பாருங்கள். தாய்லாந்து 18 போட்டு 4 வாங்கியது, சிங்கப்பூர் 7 போட்டு 5, மலேசியா 5 போட்டு 5, கம்போடியா 7 போட்டு 8, திமோர் லெஸ்தே 3 போட்டு 18. போட்டது 40, வாங்கியது 40. டேலி. ஆகவில்லையென்றால் எங்கோ ஒரு ஸ்கோரைத் திருப்பி எழுதியிருக்கிறீர்கள்.

எத்தனை புள்ளி இருந்தால் போதும்?

ஐந்து அணி முறை வந்த பிறகு 2018, 2020, 2022, 2024 என்று நாலு கோப்பை நடந்திருக்கிறது. மொத்தம் எட்டுக் குழுக்கள். அவற்றின் கடைசி அட்டவணைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்: 9 புள்ளி எடுத்த எந்த அணியும் வெளியே போகவில்லை. 8 எடுத்தது ஒரே ஒரு அணி, 2018-இல் பிலிப்பைன்ஸ். அதுவும் தப்பித்தது.

7 என்பது கத்தி முனை. 2018-இல் மியான்மரும் 2022-இல் சிங்கப்பூரும் 7 எடுத்துவிட்டு வீட்டுக்குப் போயின. 2024-இல் அதே சிங்கப்பூர் அதே 7 எடுத்து அரையிறுதிக்குப் போனது. 6 என்றால் பெரும்பாலும் மூட்டை கட்டவேண்டியதுதான். சிங்கப்பூரில் நடந்த அந்த 2020 கோப்பையில் நாம் கம்போடியாவையும் லாவோசையும் வென்றோம், வியட்நாமிடம் 0-3, இந்தோனேசியாவிடம் 1-4 என்று தோற்றோம். மொத்தம் 6, மூன்றாமிடம், கதை முடிந்தது. 6 புள்ளியில் நுழைந்த ஒரே அணி 2024 பிலிப்பைன்ஸ். மூன்று ஆட்டத்தை வரிசையாக 1-1 என்று முடித்துவிட்டு, கடைசி ஆட்டத்தில் இந்தோனேசியாவை 1-0 என்று தட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் குழுவில் ஆளாளுக்குப் புள்ளியைப் பங்கு போட்டுக்கொண்டதால் அது நடந்தது. அதை நம்பி உட்காரக்கூடாது.

கணக்குப்படி பார்த்தால் 9 புள்ளியும் நம்மைக் கைவிட்டுவிடலாம். மூன்று அணிகள் ஒன்றை ஒன்று வட்டமாக வென்று, மீதி இரண்டையும் எல்லாரும் வென்றால் மூன்று பேரும் 9 புள்ளியில் நிற்பார்கள். இதுவரை அப்படி நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அணிகளைக் குழுவாகப் பிரிக்கும் குலுக்கல் முடிந்த அன்றே நான் தாளின் மேலே எழுதிவிடுவது: வீட்டில் 6, வெளியே 3. மலேசியா 2018-இல் அப்படியே செய்தது. இங்கே லாவோசை 3-1, மியான்மரை 3-0, அங்கே கம்போடியாவை 1-0. வியட்நாமில் 0-2 தோல்வி. 2022-இலும் அச்சு மாறாமல் அதேதான். இங்கே லாவோசை 5-0, சிங்கப்பூரை 4-1, அங்கே மியான்மரை 1-0. வியட்நாமில் 0-3 தோல்வி. இரண்டு முறையும் 9 புள்ளி, இரண்டாமிடம், அரையிறுதி. 2024-இல் வீட்டில் 4, வெளியே 1. வேறு விளக்கம் தேவையில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. முதல் ஆட்டமே வெளியே என்றால், அதுவும் குழுவிலேயே எளிதான வெளியூர் ஆட்டம் என்றால், அந்த 3 புள்ளியை அங்கேயே எடுக்கவேண்டும். 2024-இல் நொம் பென்னில் கம்போடியாவோடு முதல் ஆட்டம் 2-2 என்று முடிந்த அன்றைக்கே நான் '9' என்று எழுதியதை அடித்துவிட்டு '7' என்று எழுதினேன். "ஆரம்பத்துலயே ஏன்க்கா இப்படி" என்று சலித்துக்கொண்டார்கள். தாய்லாந்துக்குப் போகவேண்டியிருந்ததே, வேறென்ன எழுதுவது?

கடைசி இரவுக்கு ஒன்பது கட்டம்

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கடைசிச் சுற்றில் ஒரு குழுவில் இரண்டு ஆட்டம்தான் இருக்கும், ஐந்தாவது அணி ஏற்கெனவே முடித்திருக்கும். ஒரு ஆட்டத்துக்கு மூன்று முடிவு. ஆக இரண்டு ஆட்டத்துக்கு ஒன்பது கட்டம். மேலே நம் ஆட்டம்: வெற்றி, சமநிலை, தோல்வி. பக்கவாட்டில் அடுத்த ஆட்டம்: அதே மூன்று. ஒவ்வொரு கட்டத்திலும் நாம் உள்ளேயா வெளியேயா என்று எழுதி, பச்சை சிவப்புப் பென்சிலால் தீட்டிவிடுங்கள். கால் மணி நேர வேலை. பிள்ளைகளிடம் கொடுத்தால் தீட்டுவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

2024 டிசம்பர் 20-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்று காலை தாய்லாந்துக்கு 9 புள்ளி, சிங்கப்பூருக்கு 6, மலேசியாவுக்கு 4, கம்போடியாவுக்கும் 4. திமோர் லெஸ்தே நாலு ஆட்டமும் தோற்று முடித்திருந்தது. அன்றிரவு இங்கே புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நாம் சிங்கப்பூரோடு, பேங்காக்கில் கம்போடியா தாய்லாந்தோடு.

நாம் சமன் செய்தால் 5, சிங்கப்பூருக்கு 7. வெளியே. தோற்றால் சொல்லவே வேண்டாம். அடுத்த ஆட்டத்தில் என்ன நடந்தாலும் இந்த ஆறு கட்டமும் சிவப்பு. நாம் வென்றால் 7, சிங்கப்பூர் 6-லேயே நிற்கும். அப்போது கம்போடியா வெல்லாமல் இருந்தால் நாம் உள்ளே. அது இரண்டு கட்டம், பச்சை. மீதி ஒன்று, நாமும் வென்று கம்போடியாவும் வெல்லும் கட்டம். அங்கே நான் பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அன்று காலை இரண்டு அணிக்கும் 4 புள்ளி, இரண்டும் 5 கோல் போட்டு 5 வாங்கியிருந்தன, இரண்டும் நேருக்கு நேர் மோதியது 2-2. ரேகை வைத்தாற்போல ஒரே கணக்கு. அந்த ஒரு கட்டத்தில் மட்டும், அன்றிரவு யார் அதிக வித்தியாசத்தில் வெல்கிறார் என்பதுதான் தீர்ப்பு. அதுவும் சமம் என்றால் யார் அதிகக் கோல் போட்டார் என்பது.

ஆறு சிவப்பு, இரண்டு பச்சை, ஒரு கேள்விக்குறி. இதைப் பார்த்த பிறகு ஆட்டத்தைப் பார்ப்பதே வேறு மாதிரி ஆகிவிடும். 0-0 என்று எழுபதாவது நிமிடம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் "பரவால்ல, இன்னும் கோல் வாங்கல" என்பார். இல்லை, அப்போது நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம். சிங்கப்பூர் கோல்காவலர் ஏன் பந்தை அணைத்துக்கொண்டு புல்லில் படுத்திருக்கிறார் என்பதும் புரியும். அவர்கள் வைத்திருக்கும் தாளில் அந்த 0-0 பச்சை. அன்று அது 0-0 என்றே முடிந்தது. தாய்லாந்து கம்போடியாவை 3-2 என்று வென்றுவிட்டதால், ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் போதும் என்பதும் தெரிந்தது.

இதே இரண்டு அணி, இதே மைதானம், இதே கணக்கு 2023 ஜனவரி 3-ஆம் தேதியும் இருந்தது. அது 2022 கோப்பையின் கடைசிக் குழு ஆட்டம். சிங்கப்பூருக்கு 7, நமக்கு 6, கோல் வித்தியாசம் இரண்டு பேருக்கும் +3. அன்றும் சமநிலை அவர்களுக்குப் போதும், நமக்கு வெற்றி வேண்டும். 4-1. தாள் உங்களுக்கு வழியைத்தான் சொல்லும், கோல் போட்டுக் கொடுக்காது.

ஆட்டம் நடக்கும்போது தாளின் ஓரத்தில் 'இப்போதே ஊதினால்' என்று ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கோல் விழுந்தாலும் அந்த வரியை மாற்றி எழுதினால் போதும். நடுவர் இந்த நிமிடமே விசில் ஊதினால் யார் முதல், யார் இரண்டாவது? வேறு எதுவும் எழுதத் தேவையில்லை.

புள்ளி சமமானால்

ஆசியான் கோப்பையில் புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது எல்லா ஆட்டங்களின் கோல் வித்தியாசம், அடுத்து போட்ட கோல், அதற்கப்புறம்தான் நேருக்கு நேர் மோதிய முடிவு. ஆசியக் கிண்ணத்தில் இது தலைகீழ். அங்கே நேருக்கு நேர் முடிவுதான் முதலில் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை) சண்டை போடுகிறவர்கள் ஏராளம். எந்தப் போட்டியாக இருந்தாலும் அந்த ஆண்டின் விதியை ஒருமுறை பார்த்துத் தாளின் மூலையில் எழுதிவிடுங்கள்.

போட்ட கோலுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு 2020 கோப்பையைக் காட்டுவேன். நாம் இருந்த அதே குழு. இந்தோனேசியாவும் வியட்நாமும் ஆளுக்கு 10 புள்ளி. இரண்டும் மோதியது 0-0. இந்தோனேசியா 13 போட்டு 4 வாங்கியது, வியட்நாம் 9 போட்டு ஒன்றுகூட வாங்கவில்லை. வித்தியாசம் இரண்டுக்கும் +9. போட்ட கோல் அதிகம் என்பதால் இந்தோனேசியா முதலிடம். இரண்டாமிடம் போன வியட்நாமுக்கு அரையிறுதியில் தாய்லாந்து காத்திருந்தது, தோற்றது. இந்தோனேசியாவுக்குச் சிங்கப்பூர் கிடைத்தது, வென்றது. ஒரு கோலும் வாங்காத அணி இரண்டாமிடம் போன கதை இது. ஆகவே சின்ன அணியோடு ஆடும்போது 3-0 வந்தவுடன் டிவியை விட்டு எழுந்து போகாதீர்கள். நாலாவது கோலும் ஐந்தாவது கோலும் கடைசிக் கணக்கில் வேலைக்கு ஆகும்.

அடுத்த ஆட்டத்தையும் பாருங்கள்

மலேசியா இந்தக் கோப்பையை வென்றது ஒரே ஒருமுறை, 2010-இல். பயிற்றுநர் நம்மவர், கே. ராஜகோபால். குணாளன் அந்த அணியில் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் எங்கள் தெருவில் பேசுவார்கள். எல்லாருக்கும் நினைவிருப்பது இறுதியாட்டம்: புக்கிட் ஜாலிலில் 3-0, ஜகார்த்தாவில் 1-2, டிசம்பர் 31-ஆம் தேதி நாடு முழுக்கப் பொது விடுமுறை. குழு ஆட்டத்தை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் சுவாரசியம்.

அப்போது நாலு அணிக் குழு, மூன்றே ஆட்டம். முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5. இரண்டாவது தாய்லாந்தோடு 0-0. கடைசி இரவுக்கு முன் இந்தோனேசியா 6, தாய்லாந்து 2, மலேசியா 1, லாவோஸ் 1. நாம் லாவோசை வென்றாலும் 4தான். தாய்லாந்து வென்றால் அவர்களுக்கு 5, நாம் வெளியே. அதாவது நம் கையில் பாதிதான் இருந்தது. மீதி, ஏற்கெனவே அரையிறுதிக்குப் போய்விட்ட இந்தோனேசியாவின் கையில். ஒன்பது கட்டம் போட்டிருந்தால் நாம் வெல்லும் வரிசையிலும் ஒரு சிவப்பு இருந்திருக்கும். பாலெம்பாங்கில் நாம் லாவோசை 5-1 என்று அடித்தோம். ஜகார்த்தாவில் தாய்லாந்து முன்னிலை பெற்ற பிறகு பம்பாங் பமுங்காஸ் இரண்டு பெனால்டியில் திருப்பி, இந்தோனேசியா 2-1 என்று வென்றது. நம்மை ஐந்து போட்டு அனுப்பியவர்களே நமக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். அப்புறம் இறுதியாட்டத்தில் அவர்களையே நாம்... சரி, அது வேறு கதை.

ஆகவே கடைசி இரவில் அடுத்த ஆட்டத்தில் ஆடுகிற அணிக்கு என்ன தேவை என்றும் கேளுங்கள். ஏற்கெனவே தகுதி பெற்ற அணி முக்கியமானவர்களை உட்காரவைக்கலாம். முதலிடம் வேண்டாம் என்றுகூட நினைக்கலாம். 1998 டைகர் கோப்பையில் ஹோ சி மின் நகரில் ஆகஸ்ட் 31-ஆம் தேதி, நாம் இங்கே மெர்டேக்கா (சுதந்திர நாள்) கொண்டாடிக்கொண்டிருந்தபோது, தாய்லாந்தும் இந்தோனேசியாவும் குழுவின் கடைசி ஆட்டத்தில் மோதின. இரண்டும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி. வெல்கிறவர் ஹனோய்க்குப் பறந்து அங்கே வியட்நாமோடு ஆடவேண்டும், தோற்கிறவர் இருந்த இடத்திலேயே இருந்து சிங்கப்பூரோடு ஆடலாம். இரண்டு பேருக்கும் வெல்ல மனசில்லை. 2-2 என்று இழுத்து, கடைசியில் இந்தோனேசியாவின் முர்ஷித் எஃபெண்டி வேண்டுமென்றே தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்தார். தாய்லாந்து ஆட்டக்காரர்கள் அதைத் தடுக்க ஓடினார்கள் என்பதுதான் கூத்து. இரண்டு சங்கங்களுக்கும் ஆளுக்கு 40,000 டாலர் அபராதம், முர்ஷித்துக்கு அனைத்துலக ஆட்டங்களில் ஆயுள் தடை. இவ்வளவு செய்தும் அரையிறுதியில் இரண்டும் தோற்றன. கோப்பையை எடுத்துப்போனது அவர்கள் எளிது என்று நினைத்த சிங்கப்பூர், இறுதியாட்டத்தில் ஆர். சசிகுமாரின் முதுகில் பட்டு உள்ளே போன ஒரே கோலில்.

எங்கே உட்கார்ந்து பார்ப்பது

கடைசிச் சுற்று ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்தால் வீடோ மாமாக் கடையோதான் வசதி. பெரிய திரையில் நம் ஆட்டம், போனில் அடுத்தது. போனில் வரும் படம் டிவிக்குப் பின்னால் வரும், ஆகவே எந்தத் திரையில் எது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவை ஊமையாக்கிவிடுங்கள். மைதானத்தில் இருக்கும் சித்தப்பா "கோல்!!!" என்று அனுப்பிவிடுவார், உங்கள் திரையில் அப்போதுதான் பந்து நடுக்கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கும். மாமாக் கடையில் திரைக்கு நேர்முன் மேசை வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னே போய் ரொட்டி சானாய் சொல்லிவிடுங்கள். ஒரு தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு தொண்ணூறு நிமிடம் இருக்கமுடியாது. இருக்கலாம், ஆனால் கடைக்காரர் பார்வை சரியாக இருக்காது.

புக்கிட் ஜாலில் போவதென்றால் செந்தூல்காரர்களுக்கு ஒரு பாக்கியம். செந்தூல் திமூரில் கிளம்பும் எல்ஆர்டி ரயில் மாறாமல் கொள்ளாமல் அரங்கத்து வாசலுக்கே போகும். ஒன்றே ஒன்று கவனம்: சான் சவ் லின் நிலையத்தில் தடம் இரண்டாகப் பிரியும். அம்பாங் போகும் ரயிலில் ஏறிவிட்டால் அங்கே இறங்கி மாறவேண்டும். முகப்பில் புத்ரா ஹைட்ஸ் என்று போட்டிருப்பதில் ஏறுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் கேஎல் சென்ட்ரலில் கிளானா ஜெயா தடத்தில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறலாம். காரை எடுத்துப் போகவேண்டாம். போவது ஒன்றும் கஷ்டமில்லை, ஆட்டம் முடிந்து வெளியே வருவதற்குள் நள்ளிரவு ஆகிவிடும். டச் அன் கோ கட்டண அட்டையில் திரும்பி வரவும் சேர்த்துப் பணம் போட்டுவையுங்கள், வரும்போது இயந்திரத்தின் முன் நிற்கும் வரிசை நிலையத்துக்கு வெளியே வரை நீளும். பெரிய ஆட்ட இரவுகளில் ரயில் நேரத்தை நீட்டிப்பார்கள், அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு உள்ளூர் ஆட்டத்தில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், கடைசிச் சுற்றில் வருவதை எடுங்கள். சின்ன அணியோடு ஆடும் ஆட்டத்தில் கோல் அதிகம் பார்க்கலாம், சிறு பிள்ளைகளைக் கூட்டிப்போக அது நல்லது, இடமும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஒன்பது கட்டத்தோடு மைதானத்தில் உட்கார்ந்திருப்பது தனி அனுபவம். கோல் கம்பத்துக்குப் பின்னால் அல்ட்ராஸ் மலாயா ரசிகர் கூட்டம் நிற்கும் பகுதிக்குப் பக்கத்தில் இடம் வாங்கினால் நீங்களும் தொண்ணூறு நிமிடம் நிற்கவேண்டும், முரசு காதைத் துளைக்கும். வயசான அம்மாவோடு போகிறவர்கள் பக்கவாட்டில் மேலே எடுங்கள். கூரை இருந்தாலும் கீழ்த்தட்டு முன்வரிசையில் சாரல் அடிக்கும், மழைக்கோட்டு வேண்டும். லேசர் விளக்கை யாராவது கொண்டுவந்தால் தயங்காமல் காவலரிடம் சொல்லுங்கள். 2010 இறுதியாட்டத்தில் அந்த லேசரால்தான் இந்தோனேசிய அணி மைதானத்தை விட்டு வெளியேறி ஆட்டம் நின்றது. அப்புறம், அரங்கம் நிறைந்துவிட்டால் போனில் இணையம் திணறும். அடுத்த ஆட்டத்தின் கோலை வீட்டிலிருந்து ஒருவர் சாதாரணக் குறுஞ்செய்தியில் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள், அது எப்படியாவது வந்து சேரும். காலண்டர் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும், சுருட்டிக்கொண்டு போகவேண்டாம்.

ஆட்டக்காரர் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. இதுவரை நான் கணக்கு வைத்த கோப்பைகள் பெரும்பாலும் ஃபிபா ஒதுக்கும் அனைத்துலக நாள்களுக்கு வெளியே நடந்தவை. அப்படி நடக்கும்போது கிளப்கள் ஆட்டக்காரர்களை விட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போன மாதம் ஆடிய அணியை மனசில் வைத்துக்கொண்டு "வீட்டில் 6" என்று எழுதாதீர்கள். பட்டியல் வரட்டும், அப்புறம் பேனாவை எடுங்கள்.

குழு முடிந்ததும் தாளின் அடியில் அரையிறுதியை எழுதிவிடுங்கள். ஒரு குழுவின் முதலிடம் மற்றக் குழுவின் இரண்டாமிடத்தோடு மோதும், இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று இரண்டு ஆட்டம். 2018-இலும் 2022-இலும் இரண்டாமிடம் வந்த நமக்கு முதல் ஆட்டம் இங்கேதான் விழுந்தது, இரண்டு முறையும் எதிரே தாய்லாந்து. 2022-இல் கடைசிக் குழு ஆட்டம் ஜனவரி 3, அரையிறுதி முதல் ஆட்டம் அதே வாரத்தில். இரண்டாமிடம் என்று கணக்கு காட்டினால் மறுநாள் வரை யோசிக்காதீர்கள். ஆட்டம் முடிந்து ரயிலுக்கு வரிசையில் நிற்கும்போதே டிக்கெட் எப்போது திறக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.